சோப்பு பார்த்த வேலை: பாலிமர் நானோதுகளில் ஹைட்ரஜன் எடுத்த அனுபவம்

வாயுக்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு மேடாக, அதாவது பீக்காக, வரைந்து காட்டும் கருவி ஜிசி. அதன் திரையில் ஒரே ஒரு பீக் வருமா என்று பதினோரு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்கானைச் சுமப்பு வாயுவாக வைத்து, மாலிகுலர் சீவ் என்ற நுண்துளைப் பொருள் நிரப்பிய குழாயில் ஓட்டினால், ஹைட்ரஜன்தான் முதலில் வெளியே வரும். அதன் பின்னால் ஆக்ஸிஜன், அப்புறம் நைட்ரஜன். பின்னால் வருகிற இரண்டும் எனக்குத் தவறாமல் வந்தன. முதலில் வர வேண்டியதைத்தான் காணோம்.

பாலிமர் மீதுதான் சந்தேகப்பட்டேன். விலை உயர்ந்த பொருள், கண்ணுக்குத் தெரிகிற பொருள், பெயரே வாயில் நுழையாத பொருள். ஏதாவது கெட்டுப்போயிருந்தால் அதுதான் கெட்டிருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாலிமர் ஒரு தப்பும் செய்யவில்லை. பாதிப் பழி என் குடுவையின் ரப்பர் மூடிக்கு, மீதி சோப்புக்கு. அந்தச் சோப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

செய்ய நினைத்த காரியம் சொல்வதற்கு எளிது. ஒளியை உறிஞ்சுகிற கரிமப் பாலிமரை 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக நீரில் மிதக்கவிட வேண்டும். ஒளி பட்டதும் கிளம்பும் எலெக்ட்ரான்கள் நீரில் உள்ள புரோட்டான்களை ஹைட்ரஜனாக மாற்ற வேண்டும். 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைக் காட்டி நீரைப் பிளந்ததிலிருந்து இந்தத் துறை ஓடிக்கொண்டிருக்கிறது. டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை மட்டுமே பிடிக்கும். சூரிய ஒளியில் அந்தப் பங்கு மிகக் குறைவு. பாலிமரில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. மூலக்கூறில் எந்த வளையத்தை எந்த வளையத்தோடு கோக்கிறோம் என்பதைப் பொறுத்து, எந்த நிறத்தை உறிஞ்ச வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். பாலி பாரா ஃபீனிலீன் இப்படி ஹைட்ரஜன் தரும் என்று 1985-லேயே காட்டிவிட்டார்கள். 2009-இல் கார்பன் நைட்ரைடு என்ற இன்னொரு பாலிமர் வந்தபிறகுதான் கூட்டம் கூடியது.

அப்படியானால் எதற்கு நானோதுகள்? இரண்டு காரணம். இந்தப் பாலிமர்களுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது. தூளாகப் போட்டால் மேலே மிதக்கும், இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது காரணம் முக்கியமானது. பாலிமரில் ஒளி பட்டால் எலெக்ட்ரானும், அது விட்டுவந்த காலியிடமான துளையும் உடனே தனித்தனியாகப் பிரிவதில்லை. இரண்டும் கைகோத்தபடி, எக்ஸிட்டான் என்ற ஜோடியாக அலையும். அது அலையக்கூடிய தூரம் சுமார் 10 நானோமீட்டர். அதற்குள் பிரிகிற இடம் எதுவும் கிடைக்காவிட்டால், ஒளியாகவோ வெப்பமாகவோ அணைந்துபோகும். மைக்ரோமீட்டர் அளவுள்ள தூளில் நடுவில் பிறக்கும் எக்ஸிட்டான் மேற்பரப்பைப் பார்க்காமலே செத்துவிடும்.

கை பழக முதலில் எஃப்8பிடி என்ற பாலிமரை எடுத்துக்கொண்டேன். அது மஞ்சள் நிறம். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிரும். பாலிமர் எங்கே போகிறது, எங்கே ஒட்டுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் என்ற கணக்கில் பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்தேன். அதில் 5 மி.லி. இன்னொரு பக்கம் 10 மி.லி. நீரில் அரை சதவீதம் எஸ்டிஎஸ், அதாவது சோடியம் டோடெசில் சல்ஃபேட். ஷாம்பூவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்க்கிற பொருள்தான் இது, அதனால் இங்கே சோப்பு என்றே எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்தால் மஞ்சள் குளோரோஃபார்ம் அடியில் தங்கும், நீர் மேலே நிற்கும். 40 டிகிரியில் வைத்துக் கால் மணி நேரம் வேகமாகக் கலக்கினால் கலங்கும். அப்புறம், ஒலியதிர்வால் துளிகளை உடைக்கும் சோனிகேட்டரின் உலோக முனையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கி ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். முனை மேலாக இருந்தால் காற்றை இழுத்து நுரைக்கும், சத்தமும் கீச்சென்று மாறும். சரியான ஆழத்தில் சத்தம் ஒரே சீராக இருக்கும். காதுக்கு மூடி போட்டுக்கொண்டாலும் அந்த வித்தியாசம் தெரியும். குடுவை ஐஸ் தொட்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் குளோரோஃபார்ம் அங்கேயே கொதிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது கையில் இருப்பது மஞ்சள் பால். இதை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் 85 டிகிரி சூட்டில் வைத்து, மேலே நைட்ரஜனை மெதுவாக ஊதிக்கொண்டே இருந்தால் குளோரோஃபார்ம் வெளியேறும். ஒவ்வொரு துளிக்குள்ளும் இருந்த பாலிமர் சுருங்கிச் சுருங்கித் திடமான துகளாகும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த கட்டம் இதுதான். பால்போலக் கலங்கி நின்றது, யாரோ திரையை விலக்கினாற்போல ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பிக்கும். கடைசியில் குடுவைக்குப் பின்னால் வைத்த தாளில் எழுத்தைப் படிக்கலாம். நிறம் மட்டும் அப்படியே நிற்கும். துகள்கள் ஒளியை அதிகம் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சிறியதாகிவிட்டன என்று அர்த்தம். ஒளிச்சிதறல் கருவியில் 70 நானோமீட்டருக்குச் சற்று மேலே காட்டியது.

முதல் தடவை அவசரப்பட்டேன். எடுத்தவுடனே சூட்டை ஏற்றியதால் நுரை கழுத்துவரை பொங்கி ஏறி இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் குடுவையின் கழுத்து முழுக்க ஒளிர்கிறது. எடைபோட்டுக் கரைத்த பாலிமரில் ஒரு பங்கு அங்கே படலமாகக் காய்ந்துகிடக்கிறது. நான் பாட்டுக்குக் குடுவையில் 2.5 மி.கி. இருக்கிறது என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எடைக் கணக்கை நம்புவதில்லை. சிறிது திரவத்தை உலர்த்தி, மறுபடி குளோரோஃபார்மில் கரைத்து, ஒளி உறிஞ்சல் அளவைப் பார்த்துத்தான் எவ்வளவு பாலிமர் என்று எழுதுகிறேன்.

துகள் தயாரானதும் இரண்டு பொருள் சேர வேண்டும். ஒன்று பிளாட்டினம். குளோரோபிளாட்டினிக் அமிலமாக ஊற்றினால், ஒளி பட்டதும் துகளிலிருந்து வரும் எலெக்ட்ரான்களே அதை உலோகப் புள்ளிகளாகத் துகளின் மேலேயே படியவைத்துவிடும். ஹைட்ரஜன் பிறக்கும் இடம் அந்தப் புள்ளிகள்தான். இன்னொன்று அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. எலெக்ட்ரான் போன இடத்தில் மிச்சமிருக்கும் துளையை இது நிரப்பும். நிரப்பித் தானே அழியும். 0.2 மோலார் செறிவில் போட்டால் பிஎச் இரண்டரைக்குப் பக்கத்தில் வரும். அதை 4-க்கு ஏற்றினால் அமிலத்தில் ஒரு பகுதி அஸ்கார்பேட்டாக மாறி இன்னும் சுலபமாக எலெக்ட்ரானைக் கொடுக்கும் என்று படித்திருந்தேன். அலமாரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் கண்ணில் பட்டது. சொட்டுச் சொட்டாக விட்டேன்.

மூன்றாவது சொட்டிலேயே குடுவைக்குள் வெள்ளைப் பட்டுநூல்போல ஏதோ சுழன்றது. இன்னும் இரண்டு சொட்டு. திரவம் முழுக்கப் பனித்துகள்கள். ஐந்து நிமிடத்தில் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளை வண்டல், மேலே கிட்டத்தட்ட நிறமற்ற நீர். துகள்கள் திரண்டுவிட்டன, பாலிமர் அமிலத்தைத் தாங்கவில்லை என்று நோட்டில் எழுதினேன். இன்னொரு தொகுதி செய்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவது தொகுதியைத் தொடங்கும்போதுதான், பாலிமரே இல்லாத வெறும் சோப்பு நீரில் அதே காரத்தை விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அங்கேயும் அதே பனித்துகள்!

சோடியம் டோடெசில் சல்ஃபேட் நீரில் நன்றாகக் கரையும். பொட்டாசியம் டோடெசில் சல்ஃபேட் அறை வெப்பத்தில் கரைய மாட்டேன் என்கிறது. புரதத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழைய விஷயம்; கரைசலில் இருந்து எஸ்டிஎஸ்ஸை நீக்கவே பொட்டாசியம் குளோரைடைப் போடுவார்கள். துகள்களைத் தாங்கிப் பிடித்திருந்த சோப்பையே நான் உப்பாக்கி வீழ்த்தியிருக்கிறேன், துகள்களும் கூடவே விழுந்துவிட்டன. சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மாறியதும் ஒரு கலக்கமும் இல்லை. நோட்டில் எழுதிய வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பாலிமரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சோப்பு அடுத்து வம்பு செய்தது காற்றை வெளியேற்றும்போது. குடுவைக்குள் ஆக்ஸிஜன் இருந்தால் எலெக்ட்ரான்கள் புரோட்டானை விட்டுவிட்டு அதன் பக்கம் போய்விடும். எனவே ஒளி போடுவதற்கு முன் ஆர்கானைக் குமிழவிட வேண்டும். சோப்பு நீரில் குமிழவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நுரை எழும்பி, வெளியேறும் ஊசி வழியாக மேசைக்கு வந்தது. துகளில் ஒரு பங்கும் அதோடு போனது. இப்போது ஊசி முனையைத் திரவத்துக்கு மேலேயே நிறுத்தி, கலக்கும் காந்தத்தை ஓடவிட்டு, நாற்பது நிமிடம் மேற்பரப்பில் மட்டும் ஆர்கானை ஓட்டுகிறேன். நேரம் கூடுதல்தான், ஆனால் மேசை சுத்தமாக இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் பீக் இல்லை. ஒரு நாள் வெறுத்துப்போய்க் குடுவையில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஆர்கான் நிரப்பி, அரை மி.லி. சுத்த ஹைட்ரஜனை ஊசியால் ஏற்றினேன். அது 20 மைக்ரோமோல். உடனே எடுத்துப் பார்த்தால் பீக் கம்பீரமாக நிற்கிறது. மறுநாள் காலையில் பாதிகூட மிச்சமில்லை, நைட்ரஜன் பீக் மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. குடுவையின் ரப்பர் மூடியை, அதாவது செப்டத்தை, லென்ஸில் பார்த்தேன். ஆர்கானுக்குக் குத்திய தடித்த ஊசியின் ஓட்டை அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் அதன் வழியாக வெளியே போக, ஆக்ஸிஜன் உள்ளே வந்து மிச்சமிருந்த எலெக்ட்ரானையும் தின்றிருக்கிறது. இரட்டை நஷ்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுச் செப்டம், அதிலும் மெல்லிய ஊசி மட்டுமே, கழுத்தைச் சுற்றிப் பாராஃபின் நாடா. இந்தக் கசிவுச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் இந்தப் பதிவு பாதியாகக் குறைந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள். 300 வாட் செனான் விளக்கு, முன்னால் அகச்சிவப்பை வடிகட்டும் தண்ணீர் அறை, குடுவையைச் சுற்றி 25 டிகிரி நீர் ஓட்டம். முதல் அரை மணியில் ஒன்றும் இல்லை. இது எதிர்பார்த்ததுதான், எலெக்ட்ரான்கள் அப்போது பிளாட்டினத்தைப் படியவைத்துக்கொண்டிருக்கும். ஒரு மணியில் ஒரு சின்ன மேடு. இரண்டு மணியில் அதைவிடப் பெரியது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன், வளரவில்லை. மறுபடி போட்டதும் வளர்ந்தது. மணிக்கு இரண்டு மைக்ரோமோல், அதாவது 50 மைக்ரோலிட்டர் வாயு. பெரிய குமிழி ஒன்றுக்கு மேல் தேறாது. அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒப்பீட்டு ஓட்டங்களில் ஒன்று கொஞ்சம் குழப்பியது. பாலிமர் இல்லாமல் ஓட்டினால் பூஜ்யம், அஸ்கார்பிக் அமிலம் இல்லாவிட்டாலும் பூஜ்யம். பிளாட்டினம் போடாமல் ஓட்டினால் மட்டும் கொஞ்சம் ஹைட்ரஜன் வருகிறது. பாலிமரைக் கோக்கும்போது பயன்படுத்திய பல்லேடியம் முழுதாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கிவிடும், அதுவும் வினையூக்கியாக வேலை செய்யும். உலோகமே சேர்க்காமல் ஹைட்ரஜன் எடுத்தோம் என்று யாராவது சொன்னால், பல்லேடியம் எவ்வளவு இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

கை பழகிவிட்டது, இனி விஷயத்துக்கு வரலாம். தனிப் பாலிமர் துகளில் 70 நானோமீட்டர் அகலத்துக்கு நடுவில் பிறக்கும் எக்ஸிட்டானுக்கு விளிம்பு 35 நானோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எட்டாது. அதற்கு வழி, சூரிய மின்கலத்தில் செய்வதுபோல, எலெக்ட்ரானைக் கொடுக்கிற ஒன்றையும் வாங்கிக்கொள்கிற ஒன்றையும் ஒரே துகளுக்குள் கலந்துவிடுவது. அப்போது எக்ஸிட்டான் எங்கே பிறந்தாலும் பக்கத்திலேயே ஓர் எல்லை கிடைக்கும். 2020-இல் கொஸ்கோ, மெக்கலக் ஆகியோரின் குழு பிடிபி7-டிஎச் என்ற பாலிமரையும் ஈஎச்-ஐடிடிபிஆர் என்ற ஏற்பி மூலக்கூறையும் இப்படிக் கலந்து, கிராமுக்கு மணிக்கு 60,000 மைக்ரோமோலுக்கும் மேல் எடுத்ததாக நேச்சர் மெட்டீரியல்ஸில் வெளியிட்டது. நானும் அதே ஜோடியை எடுத்துக்கொண்டேன்.

செய்முறை அதேதான், சோப்பும் எஸ்டிஎஸ்தான். இந்தத் தடவை கிடைத்தது மயில்கழுத்து நீலப்பச்சைத் திரவம். ஓட்டினால் மணிக்கு நான்கு மைக்ரோமோல். எஃப்8பிடியைவிட இரண்டு மடங்குதான். சிவப்பு ஒளிவரை உறிஞ்சுகிற, மின்கலங்களில் பேர்வாங்கிய ஜோடிக்கு இது ரொம்பவும் சுமார்.

இங்கேதான் சோப்பு மூன்றாவது தடவை வருகிறது. சொட்டு சுருங்கித் துகளாகும் அந்தச் சில நிமிடங்களில், இரண்டு பொருளில் எது சோப்போடு இணக்கமாக இருக்கிறதோ அது வெளியே நகர்ந்துவிடும், மற்றது உள்ளே ஒதுங்கும். எஸ்டிஎஸ் போட்டால் உள்ளே பாலிமர், வெளியே ஏற்பி என்று கொட்டையும் ஓடுமாகத் துகள் அமையும் என்பதை அந்தக் குழு உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறது. ஓட்டுக்கு வரும் எலெக்ட்ரானுக்குக் கவலையில்லை, பிளாட்டினம் அங்கேயே இருக்கிறது. கொட்டைக்குள் சிக்கிய துளைக்கு அஸ்கார்பிக் அமிலம் எட்டாது. உள்ளே துளைகள் சேரச் சேர, போன எலெக்ட்ரானைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கு மாற்றாக அவர்கள் பயன்படுத்திய சோப்பின் பெயர் டெப்ஸ். ஒரு முனையில் தயோஃபீன் வளையம், மறுமுனையில் சல்ஃபோனேட். அந்த வளையம் இரண்டு பொருளிடமும் ஏறக்குறைய ஒரேமாதிரி பழகுவதால் யாரும் வெளியே ஓடுவதில்லை, யாரும் உள்ளே ஒதுங்குவதில்லை. துகள் முழுக்க இரண்டும் கலந்து நிற்கும்.

சோப்பை மட்டும் மாற்றினேன். பாலிமர், ஏற்பி, விளக்கு, குடுவை, பிளாட்டினம் எல்லாம் அப்படியே. பார்வைக்கும் இரண்டு திரவங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, துகள் அளவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தது. விளக்கு போட்டு ஐந்து மணி நேரம் கழித்து மாதிரி எடுக்க ஊசியைக் குத்தினேன். நான் இழுக்காமலே சிரிஞ்சின் தண்டு மேலே ஏறியது. ஒரு நொடி புரியவில்லை, பிறகு புரிந்தது: உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது. ஏறத்தாழ 4 மி.லி. வாயு புதிதாகப் பிறந்து, இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 31 மைக்ரோமோல் என்று கணக்கு வந்தது. எஸ்டிஎஸ்ஸைவிட எட்டு மடங்கு.

அழுத்தம் கூடிய குடுவையில் மாதிரி எடுப்பவர்கள் சிரிஞ்சின் வால்வை ஊசி உள்ளே இருக்கும்போதே மூடிவிடுங்கள். வெளியே எடுத்தபின் மூடினால் கூடுதல் வாயு காற்றோடு போய்விடும், கணக்கு குறைந்துவிடும். முதல் எண்ணை நான் அப்படித்தான் தவறவிட்டேன். ஹூடுக்குள்ளேயே வைத்து எடுங்கள், காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

குடுவையில் இருந்த துகள் 2 மி.கி. அப்படியானால் கிராமுக்கு மணிக்கு 15,500 மைக்ரோமோல். கேட்கப் பெரிய எண்ணாக இருக்கிறது அல்லவா? அதனால்தான் இந்த அலகு எனக்குப் பிடிப்பதில்லை. யாரும் ஒரு கிராம் போட்டு ஓட்டுவதில்லை. போட்டால் திரவம் கரிபோல இருண்டு, ஒளி முதல் மில்லிமீட்டரைத் தாண்டாது. விழுந்த ஃபோட்டானில் எத்தனை பயன்பட்டது என்பதைச் சொல்லும் குவாண்டம் திறன்தான் நேர்மையான எண். அந்த 2020 வேலையில் அது 6 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இது நீரைப் பிளப்பது ஆகாது, பாதி வேலைதான். ஆக்ஸிஜன் வெளிவர வேண்டிய பக்கத்தில் வைட்டமின் சி எரிந்துகொண்டிருக்கிறது. 2021-இல் ஜப்பானின் டோமென் குழு 100 சதுர மீட்டர் பலகைகளை வெட்டவெளியில் வைத்து இரண்டு பாதியையும் சேர்த்தே செய்து காட்டியது. அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட், கரிமப் பொருள் இல்லை. சூரிய ஆற்றலை ஹைட்ரஜனாக்குவதில் அதன் உச்சத் திறன் 0.76 சதவீதம். பாலிமர் ஆட்கள் நாங்கள் பெரிய எண்களைச் சொல்லும்போது இந்தச் சிறிய எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

நீண்ட ஓட்டம் ஒன்று வைத்துப் பார்த்தேன். இருபது மணி நேரத்தில் வேகம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அஸ்கார்பிக் அமிலம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். 12 மி.லி.யில் 2,400 மைக்ரோமோல் போட்டிருந்தேன். வேகம் குறையாமலே ஓடியிருந்தாலும் 620-தான் செலவாகியிருக்கும். புதிதாகச் சேர்த்தும் வேகம் திரும்பவில்லை. திரவத்தைக் கொட்டியபோது கண்ணில் பட்டது கலக்கும் காந்தம். வெள்ளையாக இருந்தது, இடுப்பைச் சுற்றி நீலப்பச்சை வளையம் கட்டியிருந்தது. குடுவையின் அடியில் அது உரசிய வட்டத்திலும் அதே நிறம். இருபது மணி நேரமாகத் துகள்களை அரைத்து, ஒட்டவைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறது.

காந்தத்தைக் குளோரோஃபார்மில் போட்டேன். நிறம் புகைபோலக் கழன்று வந்தது. உறிஞ்சல் அளவைப் பார்த்ததில், போட்ட பொருளில் மூன்றில் ஒரு பங்கு அந்த வளையத்தில்தான் இருந்திருக்கிறது. குப்பியின் அடியில் கொஞ்சம் கறுப்புத் தூள் தங்கியது, அது பிளாட்டினம். அடுத்த ஓட்டத்துக்குச் சுழற்சி வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, நாளைக் காலை ஒன்பது மணிக்கு அடுத்த மாதிரி.